வழியில் நின்ற ஆண்டவர்

'தான் ஒன்று நினைக்க, தெய்வம் ஒன்று நினைக்கும்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பிறருக்கு ஆறுதல் கூறும்போது இதனை நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் நாம் நினைத்தது கலைந்து, நினையாத ஒன்று நம் வாசலில் வந்து நிற்கும் வேளையில், இந்தப் பழமொழி அவ்வளவு எளிதாக நம் நாவில் எழுவதில்லை. அப்போது நம் நெஞ்சில் எழுவது ஒரே கேள்விதான்: 'ஏன் எனக்கு? ஏன் இப்போது?'

அன்பு வாசகர்களே, அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். அதற்கு விடை கிடைத்த வரலாற்றை என் குறையை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன். உங்கள் இல்லங்களுக்கும் இத்தகைய நாள்கள் வரக்கூடும். ஏற்கெனவே வந்தும் இருக்கலாம்.

கொடியேறிய மூன்றாம் நாள்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம். எங்கள் பங்கின் பாதுகாவலர் புனித அந்தோணியார். ஜூன் 4ஆம் நாள் மாலை கொடியேற்றம். 13ஆம் நாள் திருவிழா. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன்; பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்குச் செயலாளன். அவ்வாண்டு திருவிழாக் குழுவிலும் எனக்குப் பொறுப்பு இருந்தது. நன்கொடைப் புத்தகங்கள், நவநாள் மறையுரைக்கு வரும் குருக்களை அழைத்தல், இறுதி நாள் அசனம் என்று வேலைகள் என் தலைமேல் இருந்தன. உண்மையைச் சொன்னால், அவற்றை நான் மிகவும் விரும்பியே சுமந்தேன்.

6ஆம் நாள் காலை எண்பத்தொரு வயதான என் தாயார் குளியலறை வாசலில் ஈரத்தில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் இடது தொடை எலும்பு, இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. "இந்த வயதில் எலும்பு தானாகக் கூடும் என்று காத்திருக்கக் கூடாது. படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். முதுகில் புண் வரும். விரைவில் அறுவை செய்து, விரைவில் எழுப்பி உட்கார வைக்க வேண்டும்" என்றார் மருத்துவர். 8ஆம் நாள் அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, திருவிழாக் கணக்குகளைக் கைப்பேசியிலேயே மற்றொருவரிடம் ஒப்படைத்தேன். அப்போது என் மனம் ஆண்டவரிடம் வழக்காடியது: 'உமது வேலையைத்தானே செய்துகொண்டிருந்தேன்! இதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா?'

முந்திய நாள் மாலை இன்னொரு சிக்கல் எழுந்தது. பங்குத் தந்தையை அழைத்து நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லலாமா என்று நான் கேட்டவுடன், என் பெரியம்மா பதறிவிட்டார். "வேண்டாம் தம்பி! அவஸ்தைப்பூசுதல் என்றாலே உன் அம்மா பயந்துவிடுவாள். அதெல்லாம் கடைசி நேரத்துக்கு" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது அந்த அருளடையாளத்துக்கு வழங்கிய பெயரே அதுதான். எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அடுத்துப் பெட்டிதான் வரும் என்று தெருவே எண்ணிய காலம் அது.

ஆனால் 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில், இதனை நோயில்பூசுதல் என்று அழைப்பதே மேல் என்றும், சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டுமே உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதற்குரிய புதிய ஒழுங்கை வெளியிட்டார். கடும் நோயுற்றோர், முதுமையால் தளர்ந்தோர், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாவோர் ஆகியோர் இதனைப் பெறலாம். நலம் பெற்றபின் மீண்டும் நோயுற்றால், மீண்டும் பெறலாம். இதனை நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "எனக்கு என்ன பயம்? சாமியாரை வரச் சொல் ஐயா."

பங்குத் தந்தை வந்தார். அம்மாவின் தலைமேல் கைகளை வைத்துச் சிறிது நேரம் மௌனமாகச் செபித்தார். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார். அம்மா அன்றிரவு அயர்ந்து தூங்கினார். தூங்காதவன் நான்தான்.

யார் செய்த பாவம்?

அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. பார்க்க வந்தவர்கள் பலர். சிலர் கஞ்சி கொண்டு வந்தனர். சிலர் இரவு துணைக்கு இருந்தனர். ஆனால் ஒருவர், "திருவிழா நேரத்தில் விழுந்திருக்கிறார்களே, ஏதாவது நேர்ச்சை பாக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சொல் எலும்பு முறிவைவிட அம்மாவுக்கு அதிகம் வலித்தது. அன்று முழுவதும் எந்த நேர்ச்சையை மறந்தோம் என்று எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்வி புதியதன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்களும், இது அவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்றுதான் ஆண்டவரிடம் கேட்டனர். இருவர் பாவமும் அன்று என்றே அவர் விடையளித்தார். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்பதையும் அவர் உணர்த்தினார். துன்பம் வந்த வீட்டில் குற்றவாளியைத் தேடுவது கிறிஸ்தவ வழக்கம் ஆகாது.

யோபுவின் வரலாறும் இதைத்தானே கற்பிக்கிறது! அவருடைய நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். பேசத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பெருஞ்சுமை ஆயினர்.

அந்த யோபுவின் கதை நம் தென்னாட்டில் ஒரு புனிதரையே உருவாக்கியது என்பதை நாம் மறக்கலாமா? நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவலராக இருந்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் அவர் மனம் சோர்ந்திருந்தபோது, டிலனாய் என்னும் படைத்தலைவர் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். அந்த டிலனாய் யார்? டச்சுக்காரர்களுக்காகப் போரிட வந்து, 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர். பின்னர் அரசரின் நம்பிக்கையைப் பெற்று அவர் படைக்கே பயிற்சி அளித்தவர். போரில் தோற்ற ஒருவரும் பொருளை இழந்த ஒருவரும் அமர்ந்து பேசிய இடத்தில் விசுவாசம் முளைத்தது. 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு மறைசாட்சியானார். 2022 மே 15ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தோல்வி தானாகவே எவரையும் புனிதராக்கிவிடாது; இழப்பும் அவ்வாறே. ஆனால் இழந்தவர் அருகில், குற்றம் தேடாத ஒருவர் வந்து அமர்ந்தால், அங்கே இறைவன் நுழைய ஒரு வாசல் திறக்கிறது.

அம்மா கேட்ட கேள்வி

ஜூன் 18ஆம் நாள் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். முதுகின் கீழ்ப்பகுதியில் படுக்கைப் புண் தொடங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரம் படாமல் துடைக்க வேண்டும். நாள்தோறும் சிறிது நேரம் எழுப்பி உட்கார வைத்து, வாக்கரைப் பிடித்து நிற்கப் பழக்க வேண்டும். பகலில் என் மனைவி பார்த்துக்கொண்டாள்; இரவு என் முறை. என் தம்பி வெளியூரிலிருந்து பணம் அனுப்பினான். பணத்தால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வர முடியாதே என்று நான் அவன்மேலும் கசந்துகொண்டேன். என் மனைவி முகம் சுளித்ததே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். இருவரும் சுளித்தோம், மாறிமாறிச் சுளித்தோம்.

ஜூன் 29, சனிக்கிழமை. பல நாள்களுக்குப் பிறகு அன்று காலை வின்சென்ட் தே பவுல் சபையின் இல்லச் சந்திப்புக்குச் சென்றேன். வறியோரை அவர்கள் இல்லத்துக்கே சென்று காண்பதுதான், 1833இல் பாரிசு நகரில் ஓசானாம் என்னும் மாணவரும் அவருடைய தோழர்களும் இச்சபையைத் தொடங்கிய நாள் முதல் அதன் உயிர்மூச்சு. பக்கவாதத்தால் படுத்திருந்த ஒரு பெரியவர் அருகில் அரைமணி நேரம் அமர்ந்திருந்தேன். அவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பொறுமையாகக் கேட்டேன். அவர் வாயைத் துடைத்துவிட்டேன். அவருடைய மகள் கைகூப்பி என்னை வழியனுப்பினாள்.

மனநிறைவோடு வீடு திரும்பினேன். நுழைந்ததும் அம்மா, "ஐயா, கொஞ்சம் புரட்டி விடு" என்றார். "இப்போதுதானே புரட்டினார்கள்! வந்ததும் வராததுமாக என்னம்மா இது?" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மிக மெதுவாகக் கேட்டார்: "இப்போது ஒரு வீட்டுக்குப் போய் வந்தாயே ஐயா, அங்கேயும் இப்படித்தான் பேசுவாயா?"

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. குனிந்து அவரைப் புரட்டினேன்.

யாயிர் காத்து நின்றார்

மறுநாள் ஞாயிறு. என் மனைவி வீட்டில் இருக்க, நான் காலைத் திருப்பலிக்குச் சென்றேன். அன்றைய நற்செய்தி மாற்கு ஐந்தாம் அதிகாரம். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான்; மறைக்கல்வி வகுப்பில் நானே கற்பித்த பகுதி. தொழுகைக்கூடத் தலைவர் யாயிர் ஆண்டவரின் காலில் விழுந்து, சாகக் கிடக்கும் தம் மகளைக் காப்பாற்ற வருமாறு கெஞ்சுகிறார். ஆண்டவரும் புறப்படுகிறார். ஒவ்வொரு நொடியும் விலைமதிப்புள்ளது. அந்த நேரம் பார்த்து, 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண் கூட்டத்தில் நுழைந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். ஆண்டவர் நின்றுவிடுகிறார்.

நாம் எப்போதும் அந்தப் பெண்ணின் விசுவாசத்தைத்தான் பேசுகிறோம். அன்று நான் யாயிரைப் பார்த்தேன். தொட்டது யார் என்று ஆண்டவர் சுற்றும்முற்றும் தேடுகிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து, தன் கதை முழுவதையும் சொல்கிறாள். 12 ஆண்டுக் கதை! அதுவரை யாயிர் என்ன செய்திருப்பார்? 12 ஆண்டு பொறுத்தவள் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா என்று அவர் நெஞ்சம் துடித்திராதா? ஆனால் அந்த வேளையில் அவர் ஏதும் பேசியதாக நற்செய்தி கூறவில்லை. ஆண்டவர் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே யாயிரின் மகள் இறந்துவிட்ட செய்தி வருகிறது. அஞ்ச வேண்டாம், நம்பிக்கையை மட்டும் விட்டுவிடாதே என்ற பொருளில் ஆண்டவர் அவருக்குத் துணிவூட்டி, உடன் நடக்கிறார்.

யாயிருக்கு அந்தப் பெண் ஒரு தடை. ஆண்டவருக்கோ அவள் தடை அல்லள். அவளை அவர் மகள் என்றே அழைக்கிறார். வீட்டில் கிடந்த சிறுமிக்கு வயது 12. வழியில் நின்றவளின் துன்பத்துக்கும் வயது 12. ஒரு மகளைக் காணச் செல்லும் வழியிலேயே ஆண்டவர் இன்னொரு மகளைக் கண்டார். அவர் பாதையில் குறுக்கீடு என்று ஒன்று இல்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதக்காரரும், தனிமை நாடிப் போன இடத்துக்கும் தொடர்ந்து வந்த மக்கள் கூட்டமும், கானாவில் தீர்ந்துபோன திராட்சை இரசமும் இதற்குச் சான்று அல்லவா?

நான் திருவிழாவை நோக்கி விரைந்துகொண்டிருந்தேன். ஆண்டவர் என் வீட்டில், என் தாயின் கட்டிலருகே நின்றுவிட்டார். அவரை விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் ஓடப் பார்த்தேன்.

இறைவனும் இறைவனின் வேலையும்

வியட்நாம் நாட்டு ஆயர் வான் துவான் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் கைது செய்யப்பட்டார். 13 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. எட்டு ஆண்டுகள் மறைமாவட்டத்தில் அரும்பாடுபட்டு வளர்த்த பணிகள் எல்லாம் பாழாகின்றனவே என்று தொடக்கத்தில் அவர் துடித்தார். இறைவன் வேறு, இறைவனுக்காக நாம் செய்யும் வேலைகள் வேறு. அவ்வேலைகளை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடத்தான் வேண்டும் என்ற தெளிவு சிறையில் ஓர் இரவில் தமக்குப் பிறந்ததாக அவர் பின்னாளில் கூறினார். வயிற்று வலிக்கு மருந்து என்று எழுதி அனுப்பப்பட்ட திராட்சை இரசத்தில் மூன்று துளியும் தண்ணீர் ஒரு துளியும் உள்ளங்கையில் ஏந்தி, அவர் நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றினார். பேராலயம் இல்லாதவருக்கு உள்ளங்கையே பீடமாயிற்று.

அவருடைய துன்பத்தோடு என் சிறு தொல்லையை ஒப்பிடத் துணியேன். ஆனால் பாடம் ஒன்றுதான். நான் இல்லாமலே திருவிழா சிறப்பாக நடந்தது. அசனமும் குறைவின்றி முடிந்தது.

சிறியவற்றிலும் இப்பாடம் உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசா, லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் 1888இல் சேர்ந்து, 1897இல் தம் 24ஆம் வயதில் இறந்தவர். துணி துவைக்கும் இடத்தில் எதிரில் நின்ற சகோதரி அழுக்கு நீரை ஓயாமல் அவர் முகத்தில் தெறிக்கச் செய்வார். பின்வாங்கி முகத்தைத் துடைத்துக் காட்டலாமா என்றே தெரேசாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு அந்தத் துளிகளையே காணிக்கையாக ஏற்றுக்கொண்டார். செபநேரத்தில் பின்னால் அமர்ந்து ஓயாது ஓசையெழுப்பிய சகோதரியைத் திரும்பிப் பாராமல், அந்த ஓசையையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். 1997இல் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவிக்கப்பட்ட இப்புனிதை, தம் சிறிய வழியைக் கற்றுக்கொண்ட இடங்களுள் துணி துவைக்கும் கல்லும் ஒன்று!

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

பட்டறிவில் கற்ற சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, விசுவாசம் கவனக்குறைவுக்கு ஈடாகாது. அம்மா விழுந்த பிறகுதான் குளியலறைச் சுவரில் கைப்பிடி வைத்தோம். சொரசொரப்பான கல் பதித்தோம். இரவில் எரியும் சிறு விளக்கும் போட்டோம். முதியோர் உள்ள வீடுகளில் இதனை இன்றே செய்யுங்கள்.

இரண்டாவது, நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே பங்குத் தந்தையை அழையுங்கள். ஆலயத்துக்கு வர இயலாதோர்க்கு நற்கருணை வீட்டுக்கே வரும். நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

மூன்றாவது, பணிவிடையை மருமகளின் கடமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெற்றெடுத்த தாயைப் புரட்டிப் படுக்க வைப்பது மகனுக்கு இழிவாகாது. சுமையைப் பேசிப் பகிர்ந்துகொள்ளுங்கள். பேசாமல் சுமந்தால் அது கசப்பாக மாறும். என் தம்பியிடம் நான் வாய்திறந்து கேட்டபோது, ஒரு மாத விடுப்பில் வந்து இரவுகளை அவனே ஏற்றுக்கொண்டான். அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

நான்காவது, நோயுற்ற வீட்டுக்குச் சென்றால் காரணம் தேடாதீர்கள். சிறிது நேரம் அமருங்கள். இயன்றால் ஒரு வேலை செய்து கொடுங்கள். ஓர் அருள்நிறை மரியே சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

ஐந்தாவது, களைத்துப்போய்க் கடுஞ்சொல் பேசிவிட்டால், மன்னிப்புக் கேளுங்கள். ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போகும் வழியில் கட்டிலருகிலும் ஒருமுறை நின்று செல்லுங்கள். நான் அவ்வாறே செய்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சிறுவனாக இருக்கும்போது நானும் உன்னிடம் எரிந்து விழுந்திருக்கிறேன், ஐயா. கணக்குச் சரியாகிவிட்டது" என்று சிரித்தார்.

ஆகஸ்டு 15ஆம் நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று, அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் வரை நடந்தார். அதற்குமேல் அவரால் நடக்க இயலவில்லை. ஆலயத்துக்கு நடந்து செல்லும் நாள் இனி வராது என்பதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். கேட்டது எல்லாம் கிடைத்தது என்று எழுத எனக்கு ஆசைதான், அது உண்மையாகாது. ஆனால் முதல் வெள்ளிதோறும் ஆண்டவரே எங்கள் வீட்டுக்கு வருகிறார். பங்கில் நோயுற்றோர் பெயர்களை நான் எழுதிக் கொடுக்க, அம்மா நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொருவருக்காகவும் செபமாலை சொல்கிறார். எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையில் இப்போது அவரைப்போல் வேலை செய்பவர் வேறு யாருமில்லை.

2025ஆம் ஆண்டுத் திருவிழா இரவில் அந்தோணியார் சப்பரம் எங்கள் தெருவுக்கு வந்தது. அம்மாவை வாசலில் நாற்காலியில் அமர்த்தியிருந்தோம். தூக்கி வந்த இளைஞர்கள் அவரைக் கண்டு, கேட்காமலே சப்பரத்தைச் சிறிது நேரம் அங்கே நிறுத்தினர். அம்மா கைகூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் இருந்துகொள்கிறேன் ஐயா, நீ சப்பரத்தோடு போய் வா" என்றார். போனேன்.

அன்புக் குடும்பத்தாரே, இன்று உங்கள் திட்டத்தைக் கலைத்துக்கொண்டு வாசலில் நிற்பது எதுவோ, யாரோ, நான் அறியேன். அது நோயாக இருக்கலாம். வேலை இழப்பாக இருக்கலாம். நேரம் கெட்ட நேரத்தில் வந்த விருந்தாளியாகவும் இருக்கலாம். அதனை வெறும் தடை என்று தள்ளிவிடுமுன், ஒரு கணம் நின்று பாருங்கள். முன்னே நடந்துகொண்டிருந்த ஆண்டவரும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார். அவரோடு நிற்கவும், அவர் நடக்கும்போது உடன் நடக்கவும் வேண்டிய பொறுமையை, யாயிருக்குத் துணிவளித்த அவரே நமக்கும் அருள்வாராக!